வணிகருக்குக் கணக்குக் கற்றுத் தந்த துறவி: லூக்கா பச்சியோலி



நம் பங்குகளில் வணிகவியல் படிக்கும் மாணவ மாணவியர் பலர் உள்ளனர். பற்று, வரவு, குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு என்று அவர்கள் உரக்கப் படிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். அந்தப் பாடத்தை அச்சு நூல் வழியாக உலகுக்கு முதன்முதலில் பரப்பியவர் ஒரு கத்தோலிக்கத் துறவி. அதிலும், ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த பிரான்சிஸ்கன் சபைத் துறவி. இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பல்கலைக்கழகத்தில் கணக்கியலை மேற்படிப்பாகப் படிப்பவர்கள், நிதிக் கணக்கியலின் இன்றைய பிரச்சினைகளைத் தனிப் பாடமாகவே படிக்கிறார்கள். ஒரு சொத்தை வாங்கிய விலையில் காட்டுவதா, இன்றைய சந்தை விலையில் காட்டுவதா? கையால் தொட முடியாத மென்பொருளுக்கும் வணிகப் பெயருக்கும் என்ன மதிப்பு? ஓர் ஆலை ஆற்றுக்குச் செய்யும் கேட்டை எந்த ஏட்டில் எழுதுவது? எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதப்பட்ட கணக்கு உண்மைதான் என்று மற்றவர் எப்படி நம்புவது? இவை புதிய கேள்விகள் போலத் தோன்றும். ஆனால் இவற்றின் வேர் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த லூக்கா பச்சியோலி என்ற துறவியின் ஏட்டில் இருக்கிறது. அவரது வாழ்வைச் சற்று சிந்தித்துப் பார்ப்போம்.

பிறப்பும் இளமையும்

இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில் உள்ள ஒரு சிறு நகரம் சான்செபோல்க்ரோ. திருக்கல்லறை என்பதே அந்தப் பெயரின் பொருள். அங்கே 1445-க்கும் 1447-க்கும் இடையில் லூக்கா பிறந்தார். தந்தை பெயர் பர்த்தொலோமேயோ. சிறுவன் லூக்கா பெற்றோர் வீட்டில் வளரவில்லை; அதே ஊரில் பெஃபோல்சி என்ற குடும்பத்தாரிடம் வளர்ந்ததாகத் தெரிகிறது. வசதி மிக்க பின்னணி அவருக்கு இல்லை. இலத்தீன் படித்த அறிஞர்களின் கல்விக்குப் பதிலாக, வணிகர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தேவையான எண்ணும் எழுத்தும் அவருக்குக் கிடைத்தன.

ஏறத்தாழ 1464-ஆம் ஆண்டில் அவர் வெனிஸ் நகரம் சென்றார். அன்றைய வெனிஸ் கிழக்கும் மேற்கும் சந்திக்கும் பெரும் சந்தை. மிளகும் பட்டும் கம்பளியும் கப்பல்களில் வந்து இறங்கிய நகரம். அங்கே ரொம்பியாசி என்ற வணிகரின் மூன்று மகன்களுக்கு ஆசிரியராக லூக்கா வேலைக்குச் சேர்ந்தார். பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தார். தாமும் நகரின் ஆசிரியரிடம் கணிதம் கற்றார். வணிகரின் தொழிலில் உதவியும் செய்தார். கப்பலில் வந்த சரக்கு, கடனுக்குப் போன சரக்கு, வர வேண்டிய பணம், கொடுக்க வேண்டிய பணம் என்று எல்லாம் ஏட்டில் ஏறுவதை அவர் கண்ணால் கண்டு கற்ற இடம் அதுதான். 1470-இல் அந்த மூன்று மாணவர்களுக்காகவே ஒரு கணித நூலையும் எழுதினார்.

பின்னர் உரோமைக்குச் சென்று, கட்டடக் கலைஞரும் அறிஞருமான லியோன் பத்திஸ்தா அல்பெர்த்தியின் வீட்டில் சில காலம் தங்கினார். 1472-இல் அல்பெர்த்தி இறந்தார். அதன் பிறகு, அதே பத்தாண்டுக்குள், லூக்கா புனித பிரான்சிஸ் அசிசியாரின் சபையில் சேர்ந்து துறவியானார்.

துறவியும் பேராசிரியரும்

இங்கே நாம் ஒரு கணம் நிற்க வேண்டும். 1223-இல் திருஅவை ஏற்றுக்கொண்ட பிரான்சிஸ்கன் ஒழுங்குமுறை, சகோதரர்கள் நாணயத்தையோ பணத்தையோ பெறக்கூடாது என்று தடை செய்கிறது. அப்படிப்பட்ட சபையில் இருந்துகொண்டு, பணத்தைக் கணக்கிடுவது எப்படி என்று ஒருவர் வணிகருக்குப் பாடம் நடத்தலாமா?

அன்றைய பிரான்சிஸ்கன் துறவியர் பணத்தைத் தமக்கென்று தேடவில்லை. ஆனால் பணம் ஏழைகளின் வாழ்வை எப்படி நெரிக்கிறது என்பதை அறிந்திருந்தார்கள். அதிக வட்டிக்குக் கடன் வாங்கித் தவித்த மக்களுக்காக, குறைந்த செலவில் அடகுக் கடன் தரும் நிலையங்களைத் தொடங்க அவர்களே தூண்டுதலாக இருந்தார்கள். அத்தகைய நிலையம் ஒன்று 1462-இல் பெருஜியா நகரில் ஏற்பட்டது. ஏழையின் அடகுப் பொருளுக்குச் சரியான கணக்கு இல்லாவிட்டால் அங்கே இரக்கமும் நிலைத்திருக்க முடியாது அல்லவா?

அதே பெருஜியா நகரின் பல்கலைக்கழகத்தில்தான் 1477-இல் லூக்கா கணிதம் கற்பிக்கத் தொடங்கினார். தம் மாணவர்களுக்காக ஒரு பெரிய பாடநூலைக் கையெழுத்தில் எழுதினார். அந்தப் பிரதி இன்றும் வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. பின்பு சாரா, நேப்பிள்ஸ், உரோமை என்று பல இடங்களில் கற்பித்தார். 1489-இல் சொந்த ஊருக்குத் திரும்பியபோது அவருக்கு வரவேற்பு மட்டும் கிடைக்கவில்லை. திருத்தந்தையிடமிருந்து அவர் பெற்றிருந்த தனிச் சலுகைகள் சக துறவியருக்குப் பிடிக்கவில்லை. 1491-இல் ஊர் இளைஞருக்குக் கற்பிக்கக் கூடாது என்ற தடையும் வந்தது. ஆனால் 1493-இல் அதே ஊரில் தவக்கால மறையுரைகள் ஆற்ற அவரையே அழைத்தார்கள். துறவு இல்லத்திலும் மனித மனம் மனித மனம்தான்!

1494: அந்தப் பெரிய நூல்

அச்சுக்கலை பரவத் தொடங்கி நாற்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. 1494 நவம்பரில் வெனிஸ் நகரில் லூக்காவின் பெரும் நூல் அச்சாகி வெளிவந்தது. எண்கணிதம், வடிவகணிதம், விகிதங்கள் ஆகியவற்றின் தொகுப்பு என்பது அதன் தலைப்பின் பொருள். உர்பினோ நாட்டின் இளம் கோமகன் குயிதோபால்தோவுக்கு அது காணிக்கையாக்கப்பட்டது. அறுநூறு பக்கங்களைத் தாண்டும் அந்நூலை அவர் அறிஞர்களின் இலத்தீனில் எழுதவில்லை. கடைத்தெருவில் உள்ளவருக்கும் புரிய வேண்டும் என்று மக்களின் இத்தாலிய மொழியில் எழுதினார்.

அந்நூலின் ஒரு சிறு பகுதி, 36 அதிகாரங்கள் கொண்டது, கணக்குப் பதிவைப் பற்றியது. இரட்டைப் பதிவு முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, 1340-இல், ஜெனோவா நகரின் கருவூல ஏடுகள் அந்த முறையில் எழுதப்பட்டிருந்தன. பெனதெத்தோ கொத்ருலி என்பவர் 1458-லேயே அதைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தார். ஆனால் அவரது நூல் 1573 வரை அச்சேறவில்லை. லூக்காவும் தாம் விளக்குவது வெனிஸ் நகரத்தாரின் வழக்கம் என்றே சொன்னார். வணிகக் குடும்பங்கள் தமக்குள் வைத்திருந்த ஒரு திறமையை எடுத்து, ஒழுங்குபடுத்தி, எல்லாரும் கற்கும் பாடமாக மாற்றியதே அவர் செய்த பணி. அதனால்தான் கணக்கியலின் தந்தை என்று அவரை அழைக்கிறார்கள்.

அவர் கற்பித்த முறை

வணிகருக்கு மூன்று தேவை என்பார் லூக்கா. முதலாவது, பணம் அல்லது நம்பிக்கையின் பேரில் கிடைக்கும் கடன். இரண்டாவது, கணக்கில் தேர்ச்சி. மூன்றாவது, எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதும் முறை.

முதல் வேலை, இருப்பதை எல்லாம் பட்டியலிடுவது. ரொக்கம், நகை, வெள்ளிப் பாத்திரம், துணிமணி, மெத்தை, சரக்கு, வீடு, நிலம், வர வேண்டிய கடன், கொடுக்க வேண்டிய கடன் என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும். திரும்பி வரும் கடன் எது, வராத கடன் எது என்பதையும் மறைக்காமல் குறிக்க வேண்டும்.

அடுத்து மூன்று ஏடுகள். அன்றாடம் நடப்பதை நடந்தவுடன் எழுதும் நாள் குறிப்பு முதல் ஏடு. அதை வீட்டில் உள்ள எவரும் எழுதலாம். அதிலிருந்து முறைப்படி எடுத்து எழுதுவது குறிப்பேடு. அங்கிருந்து ஒவ்வொரு கணக்குக்கும் தனிப் பக்கம் கொடுத்து எழுதுவது பேரேடு. குறிப்பேட்டின் ஒவ்வொரு பதிவும் பேரேட்டில் இரண்டு இடத்தில் ஏற வேண்டும். வணிகர் ஒருவர் நூறு பொற்காசு கொடுத்துத் துணி வாங்கினால், துணிக் கணக்கில் பற்று, ரொக்கக் கணக்கில் வரவு. பெறுவது ஒன்று இருந்தால் கொடுப்பது ஒன்று இருந்தே தீரும். இறுதியில் பற்றுகளைக் கூட்டி, வரவுகளைக் கூட்டிப் பார்த்தால் இரண்டும் சமமாக வேண்டும். சமமாகவில்லையா? எங்கோ தவறு இருக்கிறது, தேடு என்பதே பாடம். இன்றும் நம் பிள்ளைகள் இருப்பாய்வு போடும்போது செய்வது இதைத்தான்.

கூட்டாளிகள் ஆண்டுதோறும் கணக்கை முடித்துப் பார்க்க வேண்டும் என்றும் அவர் அறிவுறுத்தினார். அடிக்கடி கணக்குப் பார்த்தால் நட்பு நீடிக்கும் என்பது அவர் எண்ணம். குடும்பத்தில் அண்ணன் தம்பிக்குள் கணக்கு எதற்கு என்று விட்டுவிட்டு, பின்னால் வழக்கு மன்றத்தில் நிற்பவர்களை நாம் பார்த்ததில்லையா?

ஏட்டைத் தொடங்குமுன் இறைவன் பெயரை எழுத வேண்டும் என்றும், முதல் தொகுதி ஏடுகளுக்குச் சிலுவை அடையாளம் இட வேண்டும் என்றும் அவர் கூறினார். திருப்பலிக்குச் செலவிடும் நேரத்தாலும் ஏழைக்குக் கொடுக்கும் தர்மத்தாலும் யாரும் குறைந்து போவதில்லை என்று வணிகருக்கு நினைவூட்டினார்.

இரண்டு கணக்கு வைப்பவர்கள்

சிலுவை வரைந்துவிட்டால் மட்டும் கணக்கு உண்மையாகிவிடாது என்பதை லூக்கா நன்றாக அறிந்திருந்தார். வாங்குபவருக்குக் காட்ட ஓர் ஏடு, விற்பவருக்குக் காட்ட வேறோர் ஏடு என்று இரண்டு கணக்கு வைப்பவர்கள் பலர் இருப்பதை அவர் தம் நூலில் கண்டித்தார். அந்த ஏடுகளின் மேல் சத்தியம் செய்பவர்கள் பொய்ச் சத்தியம் செய்யும் பாவத்திற்கும் ஆளாகிறார்கள் என்று எச்சரித்தார்.

அதற்கு வழியும் சொன்னார். எழுதத் தொடங்குமுன் ஏடுகளை வணிகர் மன்ற அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எத்தனை ஏடுகள், எத்தனை பக்கங்கள், யார் எழுதப் போகிறார்கள் என்று அங்குள்ள எழுத்தர் பதிவு செய்து முத்திரை இடுவார். பெருஜியாவில் இந்த வழக்கம் இருந்ததை அவர் குறிப்பிடுகிறார். தன் கணக்கைத் தானே உண்மை என்று சொன்னால் போதாது, வெளியார் ஒருவர் பார்க்க வேண்டும் என்பதே இதன் பொருள். இன்றைய தணிக்கைக்கு இது ஒரு முன்னோடி.

ஆனால் இன்னோர் இடத்தில் அவர் சொன்னது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. பட்டியலில் உள்ள பொருளுக்கு விலை போடும்போது குறைத்துப் போடாமல் சற்றுக் கூட்டியே போடு என்கிறார். 20 பெறும் என்று தோன்றினால் 24 என்று எழுதச் சொல்கிறார், அதிக இலாபம் பெறலாம் என்பதற்காக. இன்றைய கணக்கியல் ஆசிரியர் எவரும் இதை ஏற்கமாட்டார். கையிருப்புச் சரக்கை வாங்கிய விலை, விற்றால் கையில் நிற்கும் தொகை இரண்டில் குறைந்ததற்குக் காட்டு என்பதே இன்றைய விதி. கணக்கியலின் தந்தை எனப்படுபவரின் நூலிலேயே மதிப்பு என்ற கேள்வி தீராமல் நின்றுவிட்டது.

லியொனார்தோவின் நண்பர்

நூலால் புகழ் பெற்ற லூக்காவை 1496-ஆம் ஆண்டளவில் மிலான் கோமகன் லுதோவிக்கோ ஸ்போர்சா தம் அரசவைக்கு அழைத்தார். அங்கே லியொனார்தோ தா வின்சி இருந்தார். இயேசுவின் இறுதி இரவு உணவை மிலான் துறவு இல்லச் சுவரில் அவர் வரைந்துகொண்டிருந்த காலம் அது. லூக்காவின் நூலை லியொனார்தோ ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கியிருந்தார். இருவரும் நண்பர்களானார்கள். லூக்காவிடம் லியொனார்தோ கணிதம் கற்றார். தெய்வீக விகிதம் பற்றி லூக்கா எழுதிய நூலுக்கு, பல முகங்கள் கொண்ட கன உருவங்களை லியொனார்தோ வரைந்து கொடுத்தார். அந்நூல் 1498-இல் எழுதி முடிக்கப்பட்டு, 1509-இல் வெனிசில் அச்சாயிற்று.

1499-இல் பிரெஞ்சுப் படை மிலானைப் பிடித்தது. நண்பர்கள் இருவரும் ஊரை விட்டு வெளியேறி, மாந்துவா வழியாகப் புளோரன்சு சென்றார்கள். அங்கும் பொலோஞ்ஞாவிலும் லூக்கா பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கற்பித்தார். 1508 ஆகஸ்டு மாதம் வெனிசில் புனித பர்த்தலமேயு ஆலயத்தில், யூக்ளிட் பற்றி அவர் ஆற்றிய உரையைக் கேட்கப் பெரும் கூட்டம் கூடியது.

எழுதாமல் விட்ட கடன்

நாம் அவரது வாழ்வின் நிழலையும் சொல்லியாக வேண்டும். சான்செபோல்க்ரோ ஊரில் லூக்காவுக்கு மூத்த தலைமுறையில் பியெரோ தெல்லா பிரான்செஸ்கா என்ற மாபெரும் ஓவியர் வாழ்ந்தார். அவர் கணிதத்திலும் வல்லவர். 1492-இல் அவர் இறந்தார். 1509-இல் அச்சான லூக்காவின் நூலின் மூன்றாம் பகுதி, பியெரோ இலத்தீனில் எழுதிய சிறு நூலின் இத்தாலிய வடிவம். ஆனால் அந்தப் பகுதி பியெரோவுடையது என்று லூக்கா எங்கும் குறிப்பிடவில்லை.

ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி, 1550-லேயே இதைக் கடுமையாகச் சாடினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வத்திக்கான் நூலகத்தில் இருந்த பியெரோவின் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது குற்றச்சாட்டில் உண்மை இருப்பது தெரிந்தது. அன்றைய நாளில் பிறர் எழுத்தை எடுத்தாள்வது இன்று போல் பெரும் குற்றமாகக் கருதப்படவில்லை என்பது சரியே. தம் முதல் நூலில் பியெரோவை ஓவியக் கலையின் அரசர் என்று லூக்கா மனதாரப் புகழ்ந்ததும் உண்மையே. ஆயினும், யாரிடமிருந்து என்ன பெற்றோம் என்று ஒவ்வொரு பதிவிலும் எழுதச் சொன்னவர், தாம் பெற்ற ஒரு பெரிய கடனை எழுதாமல் விட்டுவிட்டார். நம் கணக்கில் தவறு கண்டுபிடிப்பது, அடுத்தவர் கணக்கில் கண்டுபிடிப்பதை விடக் கடினம் அல்லவா?

இறுதி நாட்கள்

1510-இல் மீண்டும் பெருஜியாவில் கற்பித்தார். 1514-இல் திருத்தந்தை பத்தாம் லியோவின் காலத்தில் உரோமைப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களுள் ஒருவரானார். பின்பு சொந்த ஊர் திரும்பி, 1517 ஜூன் 19 அன்று இறந்தார்.

அவர் போன பின்பும் அவரது 36 அதிகாரங்கள் பயணம் செய்தன. 1543-இல் ஆண்ட்வெர்ப் நகரில் டச்சு மொழியிலும், அதே ஆண்டு இலண்டனில் ஆங்கிலத்திலும் அவற்றைத் தழுவிய நூல்கள் வெளிவந்தன. அவரது பெயர் மட்டும் மறந்து போயிற்று. 1869-இல் மிலான் நகரில் பேராசிரியர் லுக்கினி ஆற்றிய ஒரு சொற்பொழிவுக்குப் பிறகே உலகம் அவரை மீண்டும் நினைத்தது. 1878-இல் சான்செபோல்க்ரோ மக்கள் அவருக்கு நினைவுக் கல்வெட்டு வைத்தார்கள். நூலின் 500-ஆம் ஆண்டான 1994-இல் இத்தாலிய அரசு அவர் உருவம் பொறித்த 500 லீரா நாணயம் வெளியிட்டது. நாணயத்தைத் தொடக்கூடாது என்ற சபையின் துறவி, நாணயத்திலேயே இடம்பெற்றார்!

இன்றைய வகுப்பறையில்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் கணக்கியல் பல்கலைக்கழகப் பாடமாக வளரத் தொடங்கியது. இன்று அங்கே விவாதிக்கப்படும் பிரச்சினைகளைக் கேட்டால் லூக்கா வியப்படைய மாட்டார் என்றே நினைக்கிறோம்.

2001 டிசம்பரில் அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் திவாலானது. கடன்களைத் துணை அமைப்புகளின் ஏட்டில் ஒளித்து, இலாபம் காட்டியது வெளிவந்தது. அதைத் தணிக்கை செய்த ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனமும் வீழ்ந்தது. 2009 ஜனவரி 7 அன்று நம் நாட்டின் சத்யம் நிறுவனத் தலைவர், இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டியதை ஒப்புக்கொண்டார். 5,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏட்டில் இருந்தது, வங்கியில் இல்லை! அங்கும் பற்றும் வரவும் சமமாகத்தான் இருந்தன. பொய்யையும் இரண்டு பக்கம் எழுதினால் அது சமமாகிவிடும். இரட்டைப் பதிவு கூட்டல் தவறைக் காட்டும். மனசாட்சியின் தவறைக் காட்டாது.

2008-இன் நிதி நெருக்கடியில், சந்தை விலைக்குச் சொத்தைக் காட்டும் முறை நிலைமையை மோசமாக்கியதா, அல்லது மறைந்திருந்த உண்மையை வெளிக்கொணர்ந்ததா என்று அறிஞர்கள் வாதிட்டார்கள். லூக்காவின் 20-ம் 24-மே இங்கும் கேள்வி. பல ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்த கட்டடமும் விமானமும் ஏட்டில் வராமல் இருந்தன. 2019 முதல் பன்னாட்டுத் தரநிலை அவற்றையும் சொத்தாகவும் கடனாகவும் காட்டச் சொல்கிறது. 2023 ஜூன் மாதம், காலநிலை மாற்றத்தால் தமக்கு வரும் ஆபத்துகளை நிறுவனங்கள் வெளிப்படுத்துவதற்கான பன்னாட்டுத் தரநிலைகள் வந்தன. ஒன்றும் விடாமல் பட்டியலிடு என்ற பழைய பாடம் புதிய வடிவில் தொடர்கிறது.

நமது பங்கில்

இந்தப் பாடம் பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமல்ல. திருஅவைச் சட்டம் 1284, திருஅவைச் சொத்தை நிர்வகிப்பவர்கள் வரவு செலவு ஏடுகளை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும் என்கிறது. சட்டம் 1287, மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குக் காட்டச் சொல்கிறது. சட்டம் 537, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது. 2014-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வத்திக்கானில் பொருளாதாரச் செயலகத்தை ஏற்படுத்தியதும் இதே அக்கறையால்தான். ஒரு கைம்பெண்ணின் இரண்டு காசும் அந்த ஏட்டில் இருக்கிறது என்பதை மறக்கலாமா?

ஆகவே, திருவிழாக் கணக்கோ, கல்லறைத் தோட்டக் கணக்கோ, அன்பியத்தின் சிறுசேமிப்புக் கணக்கோ வாசிக்கப்படும்போது எழுந்து போய்விடாமல் கேட்போம். கணக்குக் கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. கணக்குக் காட்டுவது அவமானமும் ஆகாது. அடிக்கடி கணக்குப் பார்த்தால் நட்பு நீடிக்கும் என்ற லூக்காவின் எண்ணம், பங்குத்தந்தைக்கும் இறைமக்களுக்கும் இடையேயும் பொருந்தும்.

வணிகவியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வோம். நீங்கள் கற்பது வெறும் வேலைக்கான படிப்பு அல்ல. ஒருவர் மற்றவரை நம்பிப் பணத்தை ஒப்படைக்கும் இடத்தில், அந்த நம்பிக்கையைக் காக்கும் பணி அது. வரி வசூலித்த மத்தேயுவை ஆண்டவர் அழைத்தார். கணக்கர்களின் பாதுகாவலராக அவரையே திருஅவை போற்றுகிறது. நாளை ஒருநாள், 20-ஐ 24 என்று எழுது என்று மேலதிகாரி சொல்லக்கூடும். அப்போது என்ன எழுதுவது என்பதை இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்றிரவு தூங்கச் செல்லுமுன் நாமும் நம் நாளின் ஏட்டைத் திறந்து பார்ப்போம். யாரிடம் என்ன பெற்றோம்? யாருக்கு என்ன கொடுக்க வேண்டும்? லூக்கா எழுத மறந்த பியெரோவின் பெயர் போல, நாம் நன்றி சொல்ல மறந்த பெயர் ஏதும் உண்டா? இருந்தால் நாளையே அதை எழுதிவிடுவோம்.